புல் வெட்டும் மெஷின்: அசோசியேஷன் எதை வாங்கலாம்?

பெங்களூரில் கோடை மழை நாலு தடவை அடித்துவிட்டால் போதும், அபார்ட்மென்ட் கூட்டங்களில் புல் பேச்சு வந்துவிடும். ஏப்ரலில் காய்ந்து கிடந்த தரை மே நடுவில் கணுக்கால் உயரத்துக்குப் பச்சையாக நிற்கும். ஜூனில் தொடங்கும் பருவமழை, அப்புறம் செப்டம்பர், அக்டோபரில் கொட்டுகிற மழை என்று நவம்பர் வரை புல்லுக்கு ஓய்வே கிடையாது. போதாததற்குப் பெரும்பாலான குடியிருப்புகளில் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்குத்தான் விடுகிறோம். வாரம் ஒரு தரம் வெட்டுங்கள் என்றால் தோட்டக்காரர் இன்னொரு ஆள் கேட்பார். சம்பளக் கணக்கைக் கேட்டதும் பொருளாளர் மெஷின் வாங்கிவிடலாமே என்பார். அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு லிங்க் வந்து விழும்.

அந்த லிங்க்குகளில் இருப்பதெல்லாம் சிசி, வாட்ஸ், தள்ளுபடி, இவ்வளவுதான். குடியிருப்புத் தோட்டப் பொறுப்பைச் சில வருடம் பார்த்தவன் என்ற முறையில் நான் முதலில் கேட்பது வேறு கேள்வி: ஈரப்புல் சிக்கி மெஷின் திணறி நின்றால், சிக்கினதை யார் எடுப்பார், எப்படி எடுப்பார்? சிக்காத மெஷின் என்று ஒன்று கிடையாது. ஓடுகிற பிளேடுக்குப் பக்கத்தில் யாரும் கை கொண்டுபோக மாட்டார்கள். நின்றுவிட்டது என்று நம்பித்தான் கையை விடுவார்கள்.

பிள்ளைகள் மினசோட்டாவிலோ டொராண்டோவிலோ இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு இது புரியும். அங்கே வாசல் பனியை அள்ளி வீசும் மெஷின் இருக்கிறது. ஈரப்பனி அதன் குழாயில் அடைத்துக்கொண்டால், எஞ்சினை நிறுத்தின பிறகும் உள்ளே இருக்கிற சுழலி இறுகிப் போய் நிற்கும். அடைப்பைக் கையால் தள்ளினால் அந்த இறுக்கம் விட்டு ஒரு வெட்டு வெட்டிவிடும். அதனால்தான் இப்போது அந்த மெஷின்களோடு அடைப்பு எடுக்க ஒரு பிளாஸ்டிக் துடுப்பையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். இங்கே பனி இல்லை. ஈரமான மெக்சிகன் புல் இருக்கிறது. சிக்குவதில் அது ஒன்றும் குறைந்ததில்லை.

இன்னொன்று, லிங்க் அனுப்புவதற்கு முன்னால் கீழே இறங்கிப்போய்த் தரையைப் பார்க்க வேண்டும். சமமான புல்தரை எவ்வளவு, மதில் ஓரம், மரத்தடி, சரிவு எவ்வளவு, பக்கத்துக் காலி மனையிலிருந்து பார்த்தீனியம் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்று பிரித்துப் பார்த்தாலே பாதி விவாதம் அடங்கிவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே மெஷின் என்று தேடுபவர்கள்தான் கடைசியில் பிரஷ் கட்டரில் போய் நிற்கிறார்கள்.

தோளில் மாட்டுகிற பெட்ரோல் பிரஷ் கட்டர்

நம் ஊரில் புல் வெட்டும் மெஷின் என்று சொன்னாலே இதுதான் மனதில் வரும். நீளக் குழாய், ஒரு முனையில் சின்ன எஞ்சின், மறு முனையில் நைலான் நரம்போ இரும்பு பிளேடோ. ஆன்லைனில் எட்டு, பத்தாயிரத்துக்கே கிடைக்கிறது. பெயர் பெற்ற கம்பெனி மெஷின் என்றால் அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. மேடு, பள்ளம், புதர், கல் இடுக்கு எங்கேயும் போகும் என்பது உண்மை. காலி மனைக்கு இதை விட்டால் வேறு வழி கம்மி.

ஆனால் இதில் வெட்டும் பகுதி திறந்தே இருக்கிறது. ஒரு கல் பட்டால் அது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. கம்பெனிக்காரர்கள் கையேட்டில் சுற்றிலும் 15 மீட்டருக்குள் யாரும் இருக்கக் கூடாது என்று எழுதியிருப்பார்கள். நம் குடியிருப்புகளில் 15 மீட்டருக்குள் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்: நிறுத்தியிருக்கும் கார்கள், ஸ்கூல் வேனுக்கு நிற்கும் குழந்தைகள், தரைத்தள பால்கனியில் பேப்பர் படிக்கும் பெரியவர்.

எங்கள் மதிலை ஒட்டிய காலி மனையைச் சுத்தம் செய்ய ஒரு தடவை வெளியாள் வந்தார். தலையில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு, மடித்துக் கட்டிய லுங்கி. மெஷினில் காப்புத் தகடு இல்லை. ஈரப்புல் அதில் ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டாராம். நைலான் நரம்பு சீக்கிரம் தேய்கிறதென்று அதற்குப் பதில் பைக் கிளட்ச் கேபிளைத் துண்டு போட்டு மாட்டியிருந்தார். எங்கள் தோட்டக்காரர் திருவண்ணாமலைப் பக்கத்து ஆள், ரொம்ப வருடமாக இந்த ஊரில் இருப்பவர். பார்த்ததும் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். “சார், நேருக்கு நேரா நிக்காதீங்க. அந்தக் கம்பி அத்துக்கிச்சுன்னா தோட்டா மாதிரி வரும்.”

அவர் சொன்னது மிகையே இல்லை. நைலான் அறுந்தால் நைலானாகப் போகும். இரும்புக் கம்பி அறுந்தால் துண்டு துண்டாகத் தெறித்துப் பறக்கும். எந்தக் கம்பெனியும் கம்பி மாட்ட அனுமதிப்பதில்லை. காப்புத் தகடு தெறிப்பதைத் தடுக்க மட்டும் இல்லை. அதன் ஓரத்தில் ஒரு சின்னக் கத்தி இருக்கும். நரம்பு அளவுக்கு மேல் நீண்டால் அதுவே நறுக்கிவிடும். தகட்டைக் கழற்றினால் நரம்பு நீளமாகச் சுழன்று எஞ்சினுக்குச் சுமை கூடும், கிளட்ச் கருகும். மெஷின் அடிக்கடி சூடாகி நிற்கிறது என்று புகார் சொல்பவர்கள் முதலில் தகடு இருக்கிறதா என்று பார்க்கலாம்.

பிளேடு மாட்டினால் இன்னொரு விஷயம் சேரும். பெரும்பாலான பிரஷ் கட்டர்களில் மேலிருந்து பார்க்கும்போது பிளேடு கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். அதனால் வலமிருந்து இடமாக வீசி, பிளேடின் இடப்பக்கத்தால்தான் வெட்ட வேண்டும். கடிகாரத்தில் 12 முதல் 2 மணி வரை இருக்கிற இடம் மாதிரியான வலது முன்பகுதி மரக்கட்டையிலோ கல்லிலோ மோதினால் மெஷின் முழுவதும் சட்டென்று உதறித் தள்ளும். தோள்வாரைச் சரியாக மாட்டாத ஆள் அதோடு சேர்ந்து திரும்பிவிடுவார். குடியிருப்புக்குள் பிளேடே வேண்டாம், நரம்பு போதும் என்பது என் கட்சி.

சரி, சிக்கினால்? புல் தண்டு தலையைச் சுற்றி இறுகிக்கொள்வது இதில் தினசரி நடப்பது. ஸ்விட்சை அணைத்து, தலை முழுவதும் நின்ற பிறகு, ஸ்பார்க் பிளக் கேப்பைப் பிடுங்கிவிட்டு எடுக்க வேண்டும். யாரும் செய்வதில்லை, ஏனென்றால் மறுபடி கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது தொல்லை. ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு, எஞ்சின் ஓடும்போதே காலால் மிதித்து எடுக்கிறார்கள். என் கேள்விக்கு இந்த மெஷின் தோற்றுப்போகும் இடம் இதுதான்.

இரண்டு ஸ்ட்ரோக்கா நாலு ஸ்ட்ரோக்கா என்று கேட்பவர்களுக்கு: வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் நாலு ஸ்ட்ரோக். இரண்டு ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு 2டி ஆயிலை அளந்து கலக்க வேண்டும். 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 40க்கு 1 என்றால் 25 மில்லி. அளவு எது என்பதைக் கையேடுதான் சொல்லும். தோட்டக்காரர் லீவில் போன அன்று வேறொருவர் வெறும் பெட்ரோலை ஊற்றினால் பிஸ்டன் இறுகி, கதை முடிந்தது. நாலு ஸ்ட்ரோக்கில் அந்தக் குழப்பம் இல்லை, புகையும் குறைவு. ஆயில் அளவைப் பார்த்து, நேரத்துக்கு மாற்றினால் போதும்.

இரண்டுக்கும் பொதுவான தலைவலி இப்போது பெட்ரோல்தான். பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கார் தினமும் ஓடுவதால் தெரியாது. டிசம்பரில் மூலையில் வைத்து மே மாதம் எடுக்கிற மெஷினில் கார்புரேட்டர் பிசுபிசுத்து, ரப்பர் குழாய் தடித்து, ஸ்டார்ட்டே ஆகாது. சீசன் முடிந்ததும் டாங்கைக் காலி செய்து, மிச்சம் தீரும் வரை ஓடவிட்டு நிறுத்தி வைக்க வேண்டும். பெட்ரோல் வாங்கி வைப்பதிலும் பார்க்க வேண்டியது உண்டு. பெட்ரோலியம் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் 30 லிட்டர் வரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் மூடி இறுகிய கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகப் பாத்திரத்தில்தான். கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி ஜெனரேட்டர் ரூமில் வைப்பது எதிலும் சேராது.

சத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல். பெட்ரோல் பிரஷ் கட்டர் பிடித்திருப்பவரின் காதில் 90க்கு மேல் விழும். ஞாயிறு காலை ஏழு மணிக்கு இதை ஓட்டிப் பாருங்கள், அசோசியேஷனில் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். புகார் செய்கிறவர்களுக்கு அரைமணி நேரத் தொல்லை. தோட்டக்காரருக்கு அது தினமும். கூடவே கைக்கு அதிர்வு. பல வருடம் போனால் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோயே இருக்கிறது. காது மூடியும் கண்ணாடியும் பூட்ஸும் வாங்காமல் மெஷின் மட்டும் வாங்குவது எனக்குச் சம்மதமில்லை.

தள்ளிக்கொண்டு போகும் பெட்ரோல் மோவர்

நாலு சக்கரம், மேலே எஞ்சின், கீழே இரும்பு உறைக்குள் பிளேடு. உறைக்குள் இருப்பதால் தெறிப்பது குறைவு. சமமான புல்தரையை இது வெட்டுகிற அழகு பிரஷ் கட்டருக்கு வராது. அரை ஏக்கருக்கு மேல் திறந்த புல்தரை இருக்கும் பெரிய குடியிருப்புகளுக்கு, சர்ஜாப்பூர் ரோடு, ஒயிட்ஃபீல்டு பக்கம் அப்படி நிறைய உண்டு, இதுவே சரி.

கைப்பிடியில் ஒரு லீவர் இருக்கும். அழுத்திப் பிடித்திருந்தால்தான் ஓடும். அமெரிக்காவில் 1982 முதல், லீவரை விட்ட 3 வினாடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்பது விதி. நம் ஆட்கள் கை வலிக்கிறதென்று அந்த லீவரைக் கயிறு போட்டுக் கைப்பிடியோடு கட்டிவிடுகிறார்கள். உங்கள் மோவரில் அந்த இடத்தில் கயிறோ ரப்பர் பேண்டோ இருந்தால் இன்றே அவிழ்த்துப் போடுங்கள்.

இதில் அடைப்பு வருவது புல் வெளியேறும் வாயில். ஈரமாக வெட்டினால் ஒரு சுற்றுக்குள் உறை முழுவதும் பச்சை மாவு அப்பிக்கொள்ளும். எஞ்சின் நின்றிருந்தாலும் பிளக் கேப்பைக் கழற்றாமல் உள்ளே கை விடக் கூடாது. பிளேடைக் கையால் திருப்பினால் அது எஞ்சினையும் திருப்பும், சூடான எஞ்சின் ஒரு வெடி வெடித்து உயிர் பெறலாம். குச்சியால் சுரண்டுவது நல்லது. கவிழ்க்கும்போது கார்புரேட்டர் பக்கம் மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆயில் ஏர் ஃபில்டரை நனைத்து, அடுத்த தடவை புகை மண்டலம்தான். பிளேடு மழுங்கினால் புல் நுனி கிழிந்து பழுப்பாகும். சாணை பிடித்த பிறகு பிளேடின் நடு ஓட்டையை ஓர் ஆணியில் மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும்.

வயர் மாட்டுகிற எலெக்ட்ரிக் மோவர்

விலை மலிவு, பராமரிப்பு கிட்டத்தட்ட இல்லை, சிக்கினால் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் முழுக்கச் செத்த மெஷின். என் அளவுகோலில் முதல் மார்க் வாங்க வேண்டியது. ஆனால் நம் தோட்டங்கள் எப்போதும் ஈரம், பக்கத்தில் பிளக் பாயின்ட் இருப்பது பம்ப் ரூமில், அங்கிருந்து இரண்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கோத்து இழுத்துக்கொண்டு வருவோம். அந்த இணைப்பு ஈரப்புல்லில் கிடக்கும். வயர் மேலேயே மோவர் ஏறவும் கூடும். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஸ்விட்ச் இருக்கிற லைன், ஒரே நீளமான தடித்த வயர், காய்ந்த தரை, பிளக் பாயின்டுக்குப் பக்கத்தில் தொடங்கி விலகி விலகிப் போகும் பழக்கம், இத்தனையும் இருந்தால் வாங்கலாம். தனி வீட்டுக்காரர்களுக்குப் பொருந்தும். பொதுத் தோட்டத்துக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன்.

பேட்டரி மோவர்

கூட்டத்தில் முதல் ஆட்சேபம், “அது விளையாட்டுச் சாமான், தாங்காது” என்பதாக இருக்கும். கணக்கைப் பார்க்கலாம். 36 வோல்ட், 4 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் உள்ளே 144 வாட்-அவர் மின்சாரம். மோவர் சராசரியாக 500 வாட் இழுத்தால் பதினேழு நிமிடம். அடர்ந்த ஈரப்புல்லில் இன்னும் குறையும். ஆகவே ஒரு பேட்டரியோடு வாங்கினால் ஆட்சேபம் செய்தவர் ஜெயித்துவிடுவார். இரண்டு பேட்டரியாவது வேண்டும், ஒன்று ஓட ஒன்று சார்ஜ் ஏற. கால் ஏக்கர் புல்தரையை ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஏ பிளாக் பக்கம் இன்று, பி பிளாக் பக்கம் நாளை என்று பிரித்துக்கொள்ளலாம். வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல் இருந்தால் சுமையும் குறையும், புல்லும் தாங்கும்.

சிக்கினால் என்ன என்ற கேள்விக்கு இதன் பதில் எனக்குப் பிடிக்கும். பல மாடல்களில் ஒரு சாவி இருக்கிறது. அதை உருவிச் சட்டைப்பையில் போட்டு, பேட்டரியையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் மெஷின் வெறும் இரும்பு. திரும்ப ஸ்டார்ட் செய்யக் கயிறு இழுக்க வேண்டியதில்லை, ஒரு பட்டன்தான். ஒழுங்காகச் செய்வது சுலபமாக இருந்தால்தான் ஆட்கள் ஒழுங்காகச் செய்வார்கள். பிளக் கேப்பைத் தினம் நாலு முறை கழற்று என்று யாரிடமும் எதிர்பார்க்க முடியாது. பேட்டரியை எடு என்றால் எடுத்துவிடுகிறார்கள். பிளேடு கூர்மை மட்டும் மற்றதைப் போலத்தான். கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

குறை இல்லாமல் இல்லை. பேட்டரிக்கு வயது உண்டு, நாலைந்து வருடத்தில் மாற்ற வேண்டி வரலாம், அதன் விலை கசக்கும். வாங்கும்போதே தனி பேட்டரி விலை என்ன, இங்கே ஸ்டாக் கிடைக்குமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எஸ்.பி. ரோடு உதிரிபாகக் கடைகளில் பெட்ரோல் மெஷினுக்குக் கிடைக்கிற மாதிரி எல்லாப் பேட்டரிக்கும் மாற்று கிடைக்காது. வெயிலில் நிற்கிற காருக்குள் பேட்டரியை வைக்கக் கூடாது. படிக்கட்டின் அடியில் சார்ஜ் போடக் கூடாது. தீப்பிடித்தால் இறங்கும் வழியே அடைபடும். சீசன் முடிந்து வைக்கும்போது பாதி சார்ஜில் வைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி மெஷினைக் கழுவக் கூடாது, துடைத்தால் போதும்.

கையால் தள்ளும் உருளை மோவர், அரிவாள்

சில நூறு சதுர அடி அருகம்புல் என்றால் கையால் தள்ளும் உருளை மோவரே போதும். பெட்ரோல் இல்லை, சத்தம் இல்லை. புல் உயர்ந்துவிட்டால் மடங்கிப் படுத்துக்கொள்ளும், வெட்டாது. அதனால் வாரா வாரம் தள்ள வேண்டும். அரிவாளோடு உட்கார்ந்து வெட்டும் அம்மாக்களை இந்த ஊர்ப் பூங்காக்களில் இன்றும் பார்க்கலாம். செடி ஓரங்களில் அவர்கள் வெட்டுகிற நேர்த்தி எந்த மெஷினுக்கும் வராது.

பார்த்தீனியத்துக்கு மெஷினே கூடாது. பூத்த பிறகு வெட்டினால் மகரந்தம் காற்றில் கலந்து தும்மல், இருமல், தோல் அரிப்பு வரும். பூக்கும் முன்னால், மழை பெய்து மண் இளகின நாளில், கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும்.

கான்ட்ராக்ட் விட்டால்?

பல கமிட்டிகள் இதைத்தான் விரும்புகின்றன, தலைவலி நமக்கில்லை என்று. கார் கண்ணாடி உடைந்தால் தலைவலி எங்கே வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். கிளட்ச் கேபிள் ஆசாமியும் கான்ட்ராக்டில் வந்தவர்தான். விடுவதானால் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: காப்புத் தகடு இருக்க வேண்டும், நைலான் நரம்பு மட்டும், கண்ணாடி, பூட்ஸ், ஆளுக்கு இன்சூரன்ஸ், முந்தின நாளே கார்களை நகர்த்த அறிவிப்பு. ரேட் கொஞ்சம் ஏறும். அந்த நிபந்தனைகளுக்கு ஒத்துக்கொள்ளாதவர் ரேட்டைக் குறைத்துக் கேட்டாலும் வேண்டாம்.

கால் ஏக்கர் அளவு புல்தரை, மதில் ஓரம், பக்கத்தில் ஒரு காலி மனை என்று இருக்கிற சாதாரணக் குடியிருப்புக்கு நான் சொல்வது இது: இரண்டு பேட்டரியோடு பேட்டரி மோவர், ஓரங்களுக்கு அதே கம்பெனியில் அதே பேட்டரி பொருந்துகிற, பிரஷ் கட்டர் மாதிரி நைலான் நரம்பால் வெட்டும் ட்ரிம்மர், காலி மனைக்கு மட்டும் மழைக்கு முன்னும் பின்னும் நிபந்தனையோடு கான்ட்ராக்ட். பெட்ரோல் பிரஷ் கட்டரைவிட முதல் செலவு அதிகம்தான். பெட்ரோல், ஆயில், கார்புரேட்டர் சர்வீஸ் எல்லாம் மிச்சமாவதைச் சேர்த்தால் வித்தியாசம் பொருளாளர் பயப்படும் அளவுக்கு இருக்காது.

கடைக்குத் தோட்டக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எங்களோடு வந்தவர் விலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெஷினைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, “புல்லு மாட்டிக்கிச்சுன்னா எதைக் கழட்டணும், காட்டுங்கண்ணே” என்றார் விற்பனையாளரிடம். விற்பனையாளர் கையேட்டைப் புரட்டினார். கையேடு இங்கிலீஷில் இருக்கும். இந்த ஊரில் தோட்டக்காரர் தமிழ், ஹவுஸ்கீப்பிங் கன்னடம், செக்யூரிட்டி ஒடியா என்பதுதான் நிலைமை. அதனால் சாவி, பேட்டரி, கையுறை, குச்சி என்று படமாக வரைந்து, கீழே மூன்று மொழியிலும் ஒரு வரி எழுதி, சார்ஜர் பக்கத்துச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். சாவி செக்யூரிட்டி அறையில் இருக்கட்டும். எடுப்பவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுக்கட்டும். மழை விட்ட அன்று காலையில் சாவி கொடுக்க வேண்டாம், புல் காயட்டும், பதினொரு மணிக்கு மேல் கொடுத்தால் போதும்.